வெயிலும் வீடும் – 9: மேற்கு ஜன்னல்

மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியது தனி வீட்டுக்காரர்களுக்குப் பயன்பட்டிருக்கும். ஐந்து மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு அதனால் என்ன லாபம்? அவருக்கு மேலேயும் ஒரு வீடு, கீழேயும் ஒரு வீடு. மொட்டை மாடி அவருடையது அல்ல, அதன் சூடும் அவரிடம் வந்து சேர்வதில்லை. ஆனாலும் மே மாதம் மாலையில் அவருடைய படுக்கையறைக்குள் கால் வைக்க முடிவதில்லை. அந்தச் சூடு வருகிற வழி ஜன்னல். அதிலும் மேற்கு பார்த்த ஜன்னல்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நாலுக்கு ஐந்தடி ஜன்னலில் ஃப்ரேமைக் கழித்தால் கண்ணாடி ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர் தேறும். கத்திரி வெயில் நாளில் மாலை நாலு மணிக்குச் சென்னையில் ஒரு மேற்குச் சுவரில் விழும் வெயிலின் வலு, சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் இருக்கும். சாதாரண வெள்ளைக் கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 720 வாட். 750 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை ஆன் செய்து, துணி எதுவும் தேய்க்காமல், கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்த மாதிரி. அறையில் ஒரு டன் ஏசி இருந்தால், அது வெளியே தள்ளக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு ஜன்னலுக்கே போய்விடும்.

எல்லா ஜன்னலும் இப்படிச் சுடுவதில்லை. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளியே நிற்கும். அதனால் அக்னி நட்சத்திர நாட்களில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது என்றே சொல்லலாம். வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கொஞ்சம் அடிக்கும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் நேராக இறங்கும். ஆனால் அப்போது காற்றும் சுவரும் இன்னும் சூடேறியிருக்காது, சமாளித்துவிடலாம். மேற்கில்தான் எல்லாம் ஒன்றுசேர்கிறது. காலையிலிருந்து காய்ந்த காற்று, காய்ந்த சுவர், அதற்கு மேல் முகத்துக்கு நேரே சூரியன்.

"அதற்குத்தானே சன்ஷேடு போட்டிருக்கிறது?" என்று கேட்கலாம். சன்ஷேடு தெற்குச் சுவருக்கு நல்ல மருந்து. மேற்குச் சுவரில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. மே மாதம் நாலு மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து 34 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது இரண்டடி நீட்டிய சன்ஷேடு கீழே தருகிற நிழல் ஒன்றரை அடிகூட இல்லை. ஐந்தடி ஜன்னலில் மூன்றரை அடி வெயிலில் குளிக்கும். நாலரை மணிக்கு நிழல் ஒரு அடியாகச் சுருங்கிவிடும். நம் கட்டடக்காரர்கள் நாலு பக்கமும் ஒரே அளவில் ஒன்றரை அடி, இரண்டடி என்று வார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிளானில் எந்தப் பக்கம் வடக்கு என்று அம்புக்குறி போட்டிருப்பதன் பயன் வாஸ்து பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

இப்போது கடைப் பக்கம் வருவோம். கே.கே. நகரில் என் சித்தப்பா வீட்டில் ஜன்னல் மாற்றுகிற பேச்சு எழுந்தபோது நானும் கூட இருந்தேன். முப்பது வருடத்துக்கு முந்தைய ஃப்ளாட். தேக்கு நிலை, தேக்குக் கதவு, அதில் நாலு மில்லிமீட்டர் கண்ணாடி. ஹாலில் உள்ள மேற்கு ஜன்னலின் கீழ்க்கட்டை மழையில் ஊறி ஊறிச் சொத்தையாகிவிட்டது. அளவெடுக்க வந்த இளைஞர் டேப்பை நீட்டியபடியே பேசினார்.

"அங்கிள், எல்லாத்தையும் எடுத்துட்டு யுபிவிசி போட்டுடலாம். டபுள் கிளாஸ். நடுவுல ஆர்கான் கேஸ். வெளிச் சூடு உள்ள வரவே வராது. ஏசி பில் பாதியாயிடும்."

"பாதியாகுமா தம்பி? எழுதித் தருவீங்களா?"

"அது வந்து… யூசேஜ் பொறுத்து அங்கிள்."

சித்தப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் பில் பாதியாகும் என்று சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த இளைஞர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடமே குளிர்நாட்டுப் பாடம். இரட்டைக் கண்ணாடிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் தாமஸ் ஸ்டெட்சன், ஆண்டு 1865, ஊர் நியூயார்க். அங்கே ஜனவரியில் வெளியே உறைபனி, உள்ளே கணப்பு. உள்ளே இருக்கும் சூடு கண்ணாடி வழியே ஒழுகிப் போகாமல் தடுக்க வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்ட காற்று அதைத் தடுக்கிறது. 1973-இல் பெட்ரோலிய நெருக்கடி வந்த பிறகு அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் முன்நின்று ஊக்கம் கொடுத்ததில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சுகொண்ட ஜன்னல்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தன. இன்று நம்மூர்க் கடையில் 'லோ-ஈ' என்று சொல்லி விற்பது அந்தப் பூச்சின் வாரிசுதான்.

ஜன்னலின் தரத்தைச் சொல்லப் பல எண்கள் உண்டு. நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று யு-மதிப்பு. வெளிக் காற்றுக்கும் உள் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தால் எவ்வளவு வெப்பம் கண்ணாடியைக் கடக்கிறது என்பதை அது சொல்லும். இன்னொன்று எஸ்.ஹெச்.ஜி.சி. நேராக அடிக்கிற வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பதை அது சொல்லும். 0.80 என்றால் நூற்றுக்கு எண்பது. இரண்டுமே குறைவாக இருந்தால் நல்லது. குளிர்நாட்டுக்காரர்கள் முதல் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

ஏனென்று அதே மேற்கு ஜன்னலில் பார்த்துவிடலாம். வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசியில் 26. வித்தியாசம் 12 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியின் யு-மதிப்பு 5.7 அளவில் இருக்கும். ஒன்றரை சதுர மீட்டருக்கு அந்த வழியாக நுழையும் வெப்பம் நூறு வாட் சொச்சம். பூச்சில்லாத சாதா இரட்டைக் கண்ணாடி போட்டால் யு-மதிப்பு 2.8 ஆகும், நூறு ஐம்பதாகும். மிச்சம் ஐம்பது வாட். நேர் வெயில் கொண்டுவரும் 720 வாட்டோ, சாதா இரட்டைக் கண்ணாடியில் 630 வாட்டுக்குத்தான் இறங்கும், ஏனென்றால் இரண்டு கண்ணாடியும் வெயிலுக்கு வழிவிடுகிற கண்ணாடிகளே. இரண்டையும் கூட்டினால் மிச்சம் 140 வாட். அதே இடத்தில் எஸ்.ஹெச்.ஜி.சி. 0.45 உள்ள ஒற்றைச் சோலார் கண்ட்ரோல் கண்ணாடி போட்டால் 300 வாட்டுக்கு மேல் குறையும். வெளியே ஒரு நல்ல தட்டி தொங்கவிட்டால் நேர் வெயில் முழுக்க நின்றுபோய், பரவலான வெளிச்சத்தின் சூடு மட்டும் மிஞ்சும். 500 வாட்டுக்கு மேல் மிச்சம்.

மாஸ்கோவில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரும். வித்தியாசம் அங்கே நாற்பது டிகிரிக்கும் மேல் போகும், வெயிலோ வந்தால் வரவேற்பு. நம் ஊரில் ஏசி ஓடும் அறைக்கும் தெருவுக்கும் பதினைந்து டிகிரி வித்தியாசம் வந்தாலே பெரிது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகளோ வீடியோ அழைப்பில், "எங்க வீட்டு ஜன்னல் யு-மதிப்பு 0.30, அங்கே 1.7-ங்கறான், ஏமாத்தறான்" என்று சொல்லக்கூடும். ஏமாற்று எதுவும் இல்லை. அவர்கள் இன்னும் ஃபாரன்ஹீட், சதுர அடிக் கணக்கில் இருக்கிறார்கள். அங்கத்திய எண்ணை 5.68-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். 0.30-ம் 1.7-ம் ஒன்றே. எஸ்.ஹெச்.ஜி.சி.க்கு அலகு கிடையாது, உலகம் முழுக்க ஒரே எண்.

வெயிலில் வெளிச்சமும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் இருக்கிறது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நல்ல சோலார் கண்ட்ரோல் பூச்சு வெளிச்சத்துக்கு வழிவிட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். பழைய காலத்து கறுப்பு, பழுப்பு, பச்சைக் கண்ணாடிகள் அப்படிச் செய்வதில்லை. அவை வெயிலைக் குடித்துக்கொண்டு தாங்களே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை அறைக்குள் கக்கும். அறையும் இருண்டு போகும், பகலிலேயே டியூப்லைட் போட வேண்டியிருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கும் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி பகலில் எதிர்வீட்டுக்காரர் பார்வையை மறைக்கும். ராத்திரி உள்ளே விளக்குப் போட்டதும் கதை மாறும், நீங்கள் அவருக்குத் தெரிவீர்கள், அவர் உங்களுக்குத் தெரிய மாட்டார். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

பூச்சிலும் இரண்டு ஜாதி உண்டு. கண்ணாடி தயாராகும்போதே சூட்டோடு சூடாக ஏற்றுவது ஹார்டு கோட். அதை ஒற்றைக் கண்ணாடியாகவே மாட்டலாம். வெள்ளியை மெல்லிய படலமாக ஏற்றுவது சாஃப்ட் கோட். அதன் வேலைத்திறன் அதிகம், ஆனால் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் சீல் வைத்து அடைத்தால்தான் நிலைக்கும். ஆகவே இரட்டைக் கண்ணாடி நம் ஊருக்கு உருப்படியாக உதவுவது இந்தப் பூச்சுக்கு உறையாக இருக்கும்போதுதான். அப்போது எஸ்.ஹெச்.ஜி.சி. 0.30-க்குக் கீழேயும் வரும். பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டு கண்ணாடிக்கு நாலு முகம். வெப்ப நாட்டில் பூச்சு இரண்டாவது முகத்தில், அதாவது வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது முகத்தில் இருந்தால் அது குளிர்நாட்டு அமைப்பு, நமக்கு வேண்டிய அளவு வெயிலைத் தடுக்காது. பட்டறையில் கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டால் காசும் போச்சு, பலனும் போச்சு.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. இருட்டிய பிறகு அறைக்குள் நின்று, ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கண்ணாடிக்கு அருகே சாய்வாகப் பிடியுங்கள். செல்ஃபோன் டார்ச்சும் போதும். கண்ணாடிக்குள் நாலு சுடர் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும், முகத்துக்கு ஒன்று. மூன்று சுடர் ஒரே நிறமாகவும், ஒன்று மட்டும் ஊதாவோ சிவப்போ சற்றே வேறு நிறமாகவும் இருந்தால், நிறம் மாறிய அந்த முகத்தில் பூச்சு இருக்கிறது. நாலும் ஒரே நிறம் என்றால் லோ-ஈ என்று சொல்லி வெறும் கண்ணாடியை மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். உள்ளே இருந்து எண்ணும்போது நமக்குப் பக்கத்தில் தெரிவது நாலாவது முகம். அங்கிருந்து எண்ணிவந்தால் மூன்றாவதாகத் தெரியும் சுடரில் நிறம் மாற வேண்டும். பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ஃப்ரேம் விஷயத்தில் அதிகம் பேச ஒன்றும் இல்லை. அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும் உலோகம், மதிய வெயிலில் தொட்டாலே தெரியும். உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டை வைத்த தெர்மல் பிரேக் அலுமினியம் அதைக் குறைக்கும், விலையைக் கூட்டும். யுபிவிசியும் தேக்கும் சூட்டைக் கடத்துவதில் ஏறக்குறைய ஒரே தரம். ஜன்னலின் பரப்பில் ஃப்ரேம் ஒரு சின்னப் பங்குதான், வெயில் அடிக்கும் நம் ஊரில் அதற்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் ஃப்ரேமைவிட ஸ்க்ரூ, கீல், உருளை இவற்றைத்தான் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் 304 ரக ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலே சில வருடங்களில் பழுப்புப் புள்ளி வைக்கும், கடலோரத்துக்கு 316 கேட்க வேண்டும். யுபிவிசி ஃப்ரேமுக்குள் வலுவுக்காக இரும்புக் குழாய் வைப்பார்கள். அது கால்வனைஸ் செய்ததா என்று, அறுத்த முனையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சித்தப்பா வீட்டுக்கு அடுத்த நாள் பழைய ஆசாரி ஒருவர் வந்தார். அந்தக் குடியிருப்பின் மரவேலை பாதி அவர் கைப்பட்டது. அவர் பேச்சு எதுவும் எடுக்காமல், உளியின் பின்பக்கத்தால் நிலையை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். கீழ்க்கட்டையில் பொத்தென்றது, மற்ற மூன்று கட்டையும் கணீரென்றன.

"இது ஒண்ணுதாங்க போயிருக்கு. இதை மாத்திட்டா இன்னும் ரெண்டு தலைமுறைக்கு வரும். பர்மா தேக்கைப் பிடுங்கி எறிஞ்சிட்டு பிளாஸ்டிக் போடறேங்கறீங்க."

"கண்ணாடியை மட்டும் மாத்த முடியுமாண்ணே?"

"அஞ்சு எம்.எம். வரைக்கும் இந்தப் பள்ளத்துலயே உக்காரும். அதுக்கு மேல வேணும்னா காடியை ஆழப்படுத்தணும், கீலையும் மாத்தணும். கனம் தாங்காது."

அவர் சொன்ன கனத்துக்குக் கணக்கு இருக்கிறது. கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. ஐந்து மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டரை கிலோ. அதையே இரட்டையாகப் போட்டால் இருபத்தைந்து. பழைய கீலில் அதைத் தொங்கவிட்டால் ஒரே வருடத்தில் கதவு தொய்ந்து நிலையில் உரசும்.

நிலை நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் மாற்றுவதே என் கட்சி. ஹார்டு கோட் சோலார் கண்ட்ரோல் கண்ணாடி, ஐந்து மில்லிமீட்டரில், டஃபன் செய்தது. டஃபன் செய்த பிறகு கண்ணாடியை அறுக்க முடியாது, அதனால் அளவு ஒரு நூல் பிசகக் கூடாது. ஆசாரியே அளவெடுப்பது உத்தமம்.

இனி, கண்ணாடியைவிட முக்கியமான ஒன்று. ஜன்னல் திறக்க வேண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் புது வீடுகளுக்காக 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. சென்னையைப் போன்ற புழுக்கமான ஊர்களில், திறக்கக்கூடிய பரப்பு வீட்டுத் தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது அது. உலர்ந்த வெப்பமுள்ள ஊர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். புழுக்கத்துக்குக் காற்றோட்டம்தான் மருந்து என்பதால் நமக்கு அதிகம். 600 சதுர அடி வீடு என்றால், பால்கனிக் கதவையும் சேர்த்து, 100 சதுர அடி திறக்க வேண்டும். ஜன்னலின் மொத்தப் பரப்பை இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் பாதிதான் கணக்கு. மூன்று கதவு ஸ்லைடிங்குக்கு மூன்றில் இரண்டு பங்கு. பழைய மாதிரி வெளியே திறக்கும் கதவுக்கு 90 சதவீதம்.

இந்த இருபது வருடத்தில் நம் ஃப்ளாட்டுகளில் நடந்த பெரிய நஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். விரியத் திறந்த நாலு கதவு தேக்கு ஜன்னலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு கதவு ஸ்லைடிங்கை மாட்டிக் காற்றைப் பாதியாக்கிக்கொண்டோம். பிறகு காற்று வரவில்லை என்று ஏசி வாங்கினோம். சென்னையில் மே மாத மதியத்தில் கடற்காற்று நேரத்துக்கு உள்ளே புகுந்தால் பிழைத்தோம். அது தாமதிக்கிற நாளில்தான் வெப்பமானி நாற்பதைத் தாண்டி ஏறும். காற்று வந்த பிறகு, அதற்குப் பாதி வழியை மட்டும் திறந்து வைத்திருப்பதில் என்ன நியாயம்?

ஏசி இல்லாத வீட்டுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டால் அங்கே கண்ணாடியே இல்லை. எத்தனை நல்ல பூச்சாக இருந்தாலும் திறந்த ஜன்னலில் அதற்கு வேலை கிடையாது. அந்த வீட்டுக்கு உதவுவது வெளியே தொங்கும் நிழல் ஒன்றுதான். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, எதுவும் கிடைக்காவிட்டால் நர்சரிகளில் கட்டும் பச்சை ஷேட் நெட். அது 50, 75, 90 என்று சதவீதக் கணக்கில் கிடைக்கும், ஜன்னலுக்கு 75 போதும். சுவரோடு ஒட்டிக் கட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டினால் நடுவில் சூடான காற்று மேலே ஏறிப் போகும். புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகளில் ஜன்னலுக்கு வெளியே மரப்பலகைக் கதவு சாய்ந்த இதழ்களோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலை மறித்துக் காற்றை விடுவதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் எந்த ஷோரூமிலும் பார்க்கவில்லை.

உள்ளே தொங்கும் திரை இதற்கு ஈடாகாது. வெயில் கண்ணாடியைக் கடந்து திரையில் பட்டபோதே சூடு வீட்டுக்குள் வந்தாயிற்று. தவிர்க்க முடியாவிட்டால் திரையின் வெளிப்புறத்துக்கு வெள்ளைத் துணி வைத்துத் தையுங்கள், கொஞ்சம் வெளிச்சமாவது வந்த வழியே திரும்பும்.

வெளியே ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அசோசியேஷன் சட்டம் பேசுகிற குடியிருப்புகள் உண்டு. அவர்களுக்கு மிஞ்சுவது சன் கண்ட்ரோல் ஃபிலிம். நல்ல ஃபிலிமுக்கும் எஸ்.ஹெச்.ஜி.சி. எண் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். டஃபன் செய்யாத பழைய கண்ணாடியில் வெயிலைக் குடிக்கிற கறுப்பு ஃபிலிம் ஒட்டினால், பாதி நிழலும் பாதி வெயிலுமாக இருக்கும் நேரத்தில் கண்ணாடி விரிசல் விடக்கூடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் ரகமே அதற்கு மேல்.

பணத்துக்கு வருவோம். வெற்றுக் கண்ணாடியிலிருந்து 0.30 அளவுள்ள இரட்டைக் கண்ணாடிக்கு மாறினால், மேற்கு ஜன்னலில் மதியம் ஒன்றிலிருந்து ஆறு வரை சராசரியாக 400 வாட் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பம். நல்ல ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆக நாளுக்கு மிச்சமாவது அரை யூனிட்டும் கொஞ்சமும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் நாலரை ரூபாய். வருடத்தில் ஆறு மாதம், அதுவும் அந்த நேரத்தில் ஏசி ஓடினால், 800 ரூபாய். ஜன்னலுக்கு இருபதாயிரம் செலவென்றால் காசு திரும்ப இருபத்தைந்து வருடம் ஆகும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்பவருக்கு, கட்டண அடுக்கு மாறாமல் தப்பிப்பதால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகலாம். அப்போதும் பில் பாதியாவது நடக்கிற காரியம் இல்லை. சித்தப்பா இந்தக் கணக்கை என்னைவிட வேகமாக, தினமணிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுவிட்டார்.

அதனால் மின்கட்டணத்தை மட்டும் நினைத்து நல்ல ஜன்னலைப் பிடுங்குவதில் அர்த்தமில்லை. மரம் உளுத்துவிட்டது, இரும்பு ஜன்னல் துருப்பிடித்துக் கையோடு வருகிறது, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது, பஸ் ஹார்ன் தூங்க விடவில்லை என்று எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், அப்போது ஆகும் கூடுதல் காசுக்குச் சரியான கண்ணாடி கேட்டு வாங்குங்கள். சத்தத்துக்கு, இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனில் இல்லாமல் ஆறும் ஐந்துமாக இருப்பது நல்லது. நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி சத்தத்தையும் அடக்கும், புறஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுக்கத் தடுத்து சோஃபா துணி வெளுக்காமல் காக்கும். கடைசியில் சித்தப்பா வீட்டில் கீழ்க்கட்டையை ஆசாரி மாற்றினார், மேற்கு ஜன்னல் இரண்டுக்கு மட்டும் கண்ணாடி மாறியது, வெளியே மூங்கில் தட்டி ஏறியது. மற்ற ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன.

புதிதாகவே மாட்டுகிறவர்கள் கொட்டேஷனில் 'டபுள் கிளாஸ்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணாடித் தயாரிப்பாளரின் பெயர், அந்தக் கண்ணாடியின் ரகம், எஸ்.ஹெச்.ஜி.சி., வெளிச்சம் எவ்வளவு வரும், பூச்சு எந்த முகத்தில், டஃபன் உண்டா, கொசுவலை எந்த ட்ராக்கில், கண்ணாடிகளுக்கு நடுவே பனி படிந்தால் யார் மாற்றித் தருவது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நடுவில் பனி படிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அதைத் துடைக்க முடியாது, கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

ஸ்லைடிங்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், கீழ் ட்ராக்கில் வெளிப்பக்கம் சின்னச் சின்னதாக நீள்துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். சாரல் ட்ராக்கில் தேங்காமல் வெளியே வடிவதற்கான வழி அது. மாட்டுகிற ஆள் ஒழுகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அதன்மேலேயே சிலிக்கான் வைத்துப் பூசிவிடுவது உண்டு. அப்படிச் செய்தால் 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது பல வீடுகளில் நடந்ததுதான் நடக்கும். காற்று ஒரு பக்கம் அழுத்த, ட்ராக் நிரம்பி, தண்ணீர் படுக்கைமேல் வழியும். மாட்டி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெளிப்பக்கம் வடிந்துவிட வேண்டும்.

வேலையை ஆவணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நிலையைப் பிடுங்கினால் சுற்றிலும் பூச்சு உதிரும், கொத்தனார் வந்து பூசி அது காய ஒரு வாரம் வேண்டும், அதற்குப் பிறகுதான் சிலிக்கான். புரட்டாசி கடைசியில் ஆளைத் தேடினால், தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்ற பதிலோடு ஐப்பசி மழையும் வந்து சேரும்.

(தொடரும்)